சிங்கப்பூருக்குக் குடிவரும் குடும்பம்: முதலில் பள்ளி, அப்புறம்தான் வீடு

கேள்வி இதுதான்: கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, ஆபீஸ் ராஃபிள்ஸ் பிளேஸ். ஜூன் மாதம் சென்னையிலிருந்து கிளம்புகிறார்கள். மகள் சி.பி.எஸ்.இ.யில் நாலாம் வகுப்பு முடித்துவிட்டாள், மகன் யூ.கே.ஜி. முடித்திருக்கிறான். பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி தராது. எந்த இன்டர்நேஷனல் பள்ளி நல்லது, எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம், மாமியார் வந்து தங்கினால் அவருக்கும் சரிப்பட வேண்டும் என்கிறீர்கள்.

நாங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள், மூன்று பள்ளிகள், நாலு வீடுகள். அதில் முதல் வீடு எடுத்த விதம் தவறு என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கணவரின் ஆபீஸ் ஒன் நார்த் பக்கம் இருந்தது, அதனால் கிளமெண்டியில் வீடு எடுத்தோம், இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அதற்கப்புறம்தான் பள்ளி தேடினோம். இடம் கிடைத்த பள்ளி தீவின் கிழக்குக் கோடியில். ஆறே கால் மணிக்குப் பள்ளி பஸ். ஆறு வயதுப் பெண் கண்ணே திறக்காமல் என் தோளில் சாய்ந்தபடி எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்பாள், கையில் ஒரு டப்பாவில் பாதி இட்லி, அதை பஸ்ஸில் சாப்பிடக் கூடாது என்பது விதி. சிங்கப்பூரில் ஜூன் டிசம்பர் எல்லா மாதமும் ஏழு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், அதனால் அந்த நேரத்தில் நல்ல இருட்டு. காரில் போனால் முப்பது நிமிஷத் தூரம்தான். ஆனால் பஸ் ஒவ்வொரு கொண்டோவாக, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பாகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போனதில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சாயங்காலமும் அதே கதை. அவளுக்கு அந்த வருஷம் விளையாட்டு என்பதே இல்லை. கணவரோ பக்கத்திலேயே இருந்த ஆபீஸுக்குச் சுலபமாகப் போய்வந்தார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பெரியவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் எம்.ஆர்.டி. ரயில் பிடித்து நேரத்துக்குப் போய்விடலாம், குழந்தையால் அது முடியாது. ராஃபிள்ஸ் பிளேஸ் நகரத்தின் நடுவே, கிழக்கு மேற்குப் பாதையும் வடக்கு தெற்குப் பாதையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தீவின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் கணவர் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆபீஸை வைத்து வீடு தேடாதீர்கள். எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து பாடத்திட்டத்தை முடிவு செய்யுங்கள், பாடத்திட்டத்திலிருந்து பள்ளியை, பள்ளியிலிருந்து வீட்டை.

எத்தனை வருஷம் என்று கேட்டால் யாருக்கும் உறுதியாகத் தெரியாதுதான். ஆனால் ஒரு கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதில் சொல்லிவிட முடியும்: மகள் பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதப் போகிறாள்? 'நிச்சயம் இந்தியாவில்தான், மூன்று நாலு வருஷத்தில் திரும்பிவிடுவோம்' என்றால் யோசிக்கவே வேண்டாம், சி.பி.எஸ்.இ.யிலேயே தொடருங்கள். நடுவில் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்துக்கு மாற்றி, அது பிடிபடத் தொடங்கும் நேரத்தில் எட்டாம் வகுப்பில் மறுபடி சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனால், குழந்தை இரண்டு முறை வேரோடு பிடுங்கப்படுகிறது. 'இங்கிருந்து ஆஸ்திரேலியாவோ ஐரோப்பாவோ போகலாம்' என்றால் ஐ.பி. அல்லது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் எந்த ஊருக்கும் கூடவே வரும். 'வாய்ப்புக் கிடைத்தால் இங்கேயே தங்கிவிடுவோம்' என்றால் கதையே வேறு. அப்போது இன்டர்நேஷனல் பள்ளியை மட்டும் பார்க்காமல் அரசுப் பள்ளியையும் பார்க்க வேண்டும். நீங்கள் இதைக் கேட்கவேயில்லை, ஆனால் கம்பெனி கட்டணம் தராத குடும்பம் இதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறக் கூடாது.

இங்கே அரசுப் பள்ளி என்றால் தரத்தில் குறைவு என்ற நினைப்பே வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள், இடம் இருந்தால். கட்டணம் இந்தியர்களுக்குத் தொடக்கப்பள்ளியில் மாதம் ஆயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி வரும், உயர்நிலைப்பள்ளியில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நிரந்தரவாசியாகிவிட்டால் வெகுவாகக் குறையும். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும்.

உங்கள் மகனுக்கு இது நல்ல வழி. இந்த வருஷக் கடைசிக்குள் 6 வயது முடிகிறது என்றால் அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேரும் வயது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் இடம் கொடுத்து முடித்த பிறகு மிச்சம் இருப்பதுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, அதற்கு முன்கூட்டியே விருப்பம் தெரிவித்துப் படிவம் தர வேண்டும். அந்தப் படிவம் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அதே நேரம். கல்வி அமைச்சின் இணையதளத்தில் தேதியை இன்றைக்கே பார்த்து வையுங்கள். தவறவிட்டால் அவனுக்கு அடுத்த கதவு ஏ.இ.ஐ.எஸ். என்கிற நுழைவுத்தேர்வு, அதுவும் தொடக்கநிலை இரண்டிலிருந்துதான்.

மகளுக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். ஏ.இ.ஐ.எஸ். தேர்வு வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும், ஆங்கிலமும் கணக்கும், அதில் தேறினால் ஜனவரியில் சேரலாம். தொடக்கநிலையில் இரண்டு முதல் ஐந்து வரைதான் இந்த வழி, ஆறுக்குக் கிடையாது. ஜனவரியில் 10 வயது முடிந்திருந்தால் அவள் வயதுக்கு உரியது தொடக்கநிலை ஐந்து, அதாவது கடைசிக் கதவு. உள்ளே போனதும் அடுத்த வருஷக் கடைசியில் பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு காத்திருக்கும். அந்தத் தேர்வைத் தொட்டுத்தான் எந்த உயர்நிலைப்பள்ளி என்பதே முடிவாகும். இதில் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது, எங்கே இடம் காலியோ அங்கே அமைச்சு போடும், வேண்டாம் என்றால் வேறு தர மாட்டார்கள்.

கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைக்கலாம். இந்தியாவில் கெட்டிக்காரியாக இருக்கும் பிள்ளையும் இங்கே முதலில் தடுமாறுவதற்குக் காரணம் கணக்குப் போடத் தெரியாதது அல்ல, கணக்கைப் படம் போட்டுப் பார்க்கப் பழகாதது. ஒரு மாதிரி சொல்கிறேன். ஒரு பெட்டியில் மணிகள் இருக்கின்றன, ஐந்தில் இரண்டு பங்கு சிவப்பு, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு நீலம், மற்ற 24 மணிகள் பச்சை, மொத்தம் எத்தனை? நம் பிள்ளைகள் பின்னங்களைக் கழித்துப் பெருக்கப் போவார்கள், நடுவில் எங்கோ சிக்கிக்கொள்வார்கள். இங்குள்ள பிள்ளை ஒரு நீளமான பட்டை வரைந்து ஐந்து சமக் கட்டமாகப் பிரிக்கும். இரண்டு கட்டம் சிவப்பு. மிச்சம் மூன்று கட்டத்தில் ஒன்று நீலம். ஆக, பச்சை இரண்டு கட்டம், அது 24, ஒரு கட்டம் 12, மொத்தம் 60. இதற்கு 'மாடல்' என்று பெயர். தொடக்கநிலை ஐந்தில் இதைப்போல் மூன்று மடங்கு சிக்கலான கணக்குகள் வரும். இந்த மாதிரி பத்துக் கணக்கை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். முகம் மலர்ந்து உட்கார்ந்தால் தேர்வு எழுத விடுங்கள். அழுதால் அவளை இந்த ஓட்டத்தில் இறக்காதீர்கள், நான் மனதாரச் சொல்கிறேன். பத்து வயதில் புது ஊர், புது நண்பர்கள், அதோடு சேர்த்து இந்தப் பாரம் வேண்டாம்.

அரசுப் பள்ளியில் நம் வீட்டுக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. தமிழ் இங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம், பி.எஸ்.எல்.இ.யிலும் அதற்கு மதிப்பெண் உண்டு. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டால் பிட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குப் போய்ப் படிக்கலாம். இன்டர்நேஷனல் பள்ளியில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். சிலவற்றில் தமிழ் உண்டு, ஆனால் எந்த வகுப்புவரை, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஆள் குறைந்தால் வகுப்பை எடுத்துவிடுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திரும்பத் தமிழ்நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இது வெறும் பாசத்துக்கான விஷயம் இல்லை. 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி அங்கே பத்தாம் வகுப்புவரை தமிழ் படிக்க வேண்டியிருக்கும். ஏழாம் வகுப்பில் திரும்பி வந்து அ, ஆ எழுதத் தடுமாறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மகன் விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் மூலம் நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்றவற்றில் பணி, கட்டாயம். இதை நல்லது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை, என் மகனும் அந்த வரிசையில்தான் இருக்கிறான், நாங்கள் யோசித்துத்தான் எடுத்தோம். கட்டணம் குறைகிறதே என்பதற்காக மட்டும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, பையனுக்குப் பதினாறு வயதானதும் திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. சேவை செய்யாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், பின்னால் அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

சரி, இன்டர்நேஷனல் பள்ளிகளுக்கு வருகிறேன். 'எது நல்லது' என்பதற்குப் பதில் கிடையாது, உங்களுக்கு எட்டுவது எது என்பதற்கு உண்டு. 1925ல் தொடங்கிய டாங்ளின் டிரஸ்ட், 1956ல் வந்த சிங்கப்பூர் அமெரிக்கன் ஸ்கூல், 1971லிருந்து இருக்கும் யுனைடெட் வேர்ல்டு காலேஜ் இவையெல்லாம் பேர்போனவை, அருமையான பள்ளிகள்தான். பெரிய வகுப்புகளுக்குப் போகப் போக ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 40, 50 ஆயிரம் வெள்ளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் கட்ட முடிகிற சம்பளம் மிகச் சிலருக்குத்தான் இருக்கும். அங்கே படிக்கும் பல பிள்ளைகளுக்குக் கம்பெனி கட்டுகிறது. இந்தியப் பாடத்திட்டம் தரும் பள்ளிகள், பொங்கோலில் பெரிய வளாகம் வைத்திருக்கும் குளோபல் இந்தியன், பிடோக் பக்கம் சாய் சீயில் இருக்கும் என்.பி.எஸ். போன்றவை, இதில் பாதிக்கும் கீழே. ஐ.பி. வேண்டும் ஆனால் அவ்வளவு கொடுக்க முடியாது என்பவர்கள் பார்க்கும் ஒன் வேர்ல்டு போன்ற பள்ளிகளும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான், ஜூரோங் வெஸ்டிலும் பொங்கோலிலும் அதற்கு வளாகம் உண்டு.

இணையதளத்தில் போட்டிருக்கும் தொகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம், திரும்பி வராது. சேர்க்கைக் கட்டணம், பெரும்பாலும் அதுவும் வராது. வைப்புத்தொகை, ஒரு பருவத்துக்கு முன்பே விலகல் நோட்டீஸ் கொடுத்தால்தான் வரும். கட்டடம், கணினி என்று தனியாக ஒரு தொகை இருக்கலாம். ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தேவை என்று சொன்னால் அதற்குத் தனி. சீருடை, முகாம், பஸ். இத்தனைக்கும் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. சில பள்ளிகள் அதைச் சேர்த்துச் சொல்லும், சில சேர்க்காமல் சொல்லும், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு ஏமாறாதீர்கள். ஒரு தாளில் இரண்டு பிள்ளைகளுக்கும் நாலு வருஷத்துக்கு, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும் என்று வைத்து எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுதி முடித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்படி ஒரு எண் வந்தால் கையெழுத்துக்கு முன்பே வரட்டும். வேலை உத்தரவில் கணவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்தத் தாளோடு கம்பெனியிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். கல்விப் படி என்று கொஞ்சம் கொடுத்தாலும் நல்லது, அதற்கும் வருமான வரி உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு எண்ணிலும் ஒரு குழப்பம் வரும். பிரிட்டிஷ் முறைப் பள்ளியில் 'இயர் 6' என்பது நம் ஐந்தாம் வகுப்பு. ஆறில் சேர்த்துவிட்டோம் என்று பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். கல்வியாண்டும் பள்ளிக்குப் பள்ளி வேறு. சி.பி.எஸ்.இ. என்றால் ஏப்ரல், அமெரிக்க, பிரிட்டிஷ், ஐ.பி. பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், லோரோங் சுவானில் இருக்கும் ஆஸ்திரேலியன் இன்டர்நேஷனல் ஜனவரி. ஜூனில் வரும் உங்களுக்கு சி.பி.எஸ்.இ.யில் இரண்டு மாதப் பாடம் போயிருக்கும், அது பெரிய விஷயமில்லை, ஐந்தாம் வகுப்புதானே. ஆனால் மகளை ஒரு கல்வியாண்டிலும் மகனை வேறொன்றிலும் போட்டால் விடுமுறைகள் ஒத்துவராது. மகனுக்கு அரசுப் பள்ளி என்றால் இந்தச் சிரமம் வரத்தான் செய்யும். இருவருக்கும் சேர்ந்து விடுமுறை கிடைக்கும் வாரங்களை முதலிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போகும் டிக்கெட் எடுக்கும்போது தவிப்பீர்கள்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது நீச்சல் குளம், ரோபோ ஆய்வகம் எல்லாம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் சாதாரண நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டியிருப்பது வேண்டாம், பையில் கிடக்கும் நோட்டு. நான் ஒரு பள்ளியில் அப்படிக் கேட்டேன். அறிவியல் நோட்டு, மூன்று மாதப் பக்கங்கள், எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஒரு சிவப்பு டிக், ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒரு படத்தில் வேரையும் தண்டையும் மாற்றிக் குறித்திருந்தது அந்தப் பிள்ளை, அதன்மேலும் டிக். இன்னொரு பள்ளியில், கட்டடம் பழசு, மைதானம் சின்னது, ஆனால் நோட்டின் ஓரத்தில் ஆசிரியர் கேள்வி எழுதியிருந்தார், அதற்குக் கீழே பிள்ளை பதில் எழுதியிருந்தது, அதற்குக் கீழே ஆசிரியர் இன்னொரு வரி. அங்கேதான் சேர்த்தோம். கூடவே போன வருஷம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். இன்டர்நேஷனல் பள்ளிகளில் ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள், ஆள் மாறுவது இயல்பு, ஆனால் ஒரே வருஷத்தில் உங்கள் மகளுக்கு மூன்று வகுப்பாசிரியர் என்றால் அது இயல்பு இல்லை. தனியார் பள்ளிகளுக்கு அரசு தரும் எடுட்ரஸ்ட் தரச் சான்றிதழ் இருக்கிறதா, கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மதிய உணவு நேரத்தில் போக முடிந்தால் போங்கள். புதிதாக வந்த பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பதைப் பார்த்தால் அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நண்பர்களைப் பற்றியும் தயாராக இருங்கள். இந்தப் பள்ளிகளில் வருஷா வருஷம் யாராவது கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். ஜூன் கடைசி நாளில் வெள்ளைச் சட்டை முழுக்க மார்க்கரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் மகள் வீட்டுக்கு வந்தாள். முதுகில் பெரிதாக எழுதியிருந்த பெண் அடுத்த வாரம் ஊரைவிட்டே போகிறாள். அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறாள். இதனால்தான் வீடு இருக்கும் இடத்தில், கீழே விளையாட ஆள் இருக்கிறதா என்பது அவ்வளவு முக்கியம். பள்ளி நண்பர்கள் போனாலும் புளோக் நண்பர்கள் இருப்பார்கள்.

இப்போது வீடு. உங்கள் வரவுக்கும் மகளின் வயதுக்கும், மகள் சி.பி.எஸ்.இ., மகன் முடிந்தால் அரசுத் தொடக்கப்பள்ளி என்று நான் வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பார்க்க வேண்டியது இரண்டே வட்டாரம். ஒன்று பொங்கோல், செங்காங். புது நகரங்கள், இளம் குடும்பங்கள் நிறைய, நம்மவர்களும் நிறைய. கால்வாய் ஓரமாகப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். வடகிழக்குப் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியா, முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க தேக்கா சந்தை அங்கேயே. ராஃபிள்ஸ் பிளேஸ் போக தோபி காட்டில் ஒருமுறை மாற வேண்டும், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பிடோக், சாய் சீ, கெம்பாங்கான். பழைய பேட்டை, மரங்கள் அதிகம், நல்ல ஈரச்சந்தையும் உணவங்காடியும் உண்டு, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை பக்கத்தில், ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ஒரே ரயில். இரண்டும் ஒரே மாதிரி எட்டினால் நான் கிழக்கைத்தான் சொல்வேன். மாமியாருக்கு அதுதான் பொருத்தம், காலையில் தனியாக இறங்கி நடந்துபோய்க் கீரை வாங்கிவிட்டு வரலாம்.

ஹாலந்து வில்லேஜ், ஆர்ச்சர்ட் பக்கம் எல்லாம் அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். அழகான இடங்கள். வாடகையில் போகும் கூடுதல் பணம் உங்கள் மகளின் கட்டணத்தில் பாதி. வேண்டாம். உட்லண்ட்ஸ் ஏரியா என்பது அமெரிக்கன் ஸ்கூல் பிள்ளைகளுக்கு, உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

கொண்டோவா, அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீவக வீடா? மூன்று படுக்கையறைக் கொண்டோ நகரத்துக்கு வெளியே மாதம் நாலாயிரம் வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், நாலறை வீவக வீடு மூவாயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும். நீச்சல் குளத்துக்காகக் கொண்டோ எடுக்கிறார்கள், முதல் இரண்டு மாதம் தினமும் போவார்கள், அப்புறம் வாரம் ஒருமுறை. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளோடு என் மகன் சேர்ந்து கற்றுக்கொண்ட ஊர்ப் பேச்சு எந்தப் பள்ளியிலும் கிடைத்திருக்காது. ஆனால் முழு வீவக வீட்டை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட ஒதுக்கீடு உண்டு, மலேசியர் அல்லாதவர்களுக்கு வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11. அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் விரும்பினாலும் தர முடியாது. முதல் கேள்வியாக ஏஜெண்டிடம் இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி சமையல். 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், தாளிக்கக் கூடாது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இந்தியர்களுக்குத் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களையும் பார்த்திருக்கிறோம். மனசு வலிக்கும், ஆனால் அந்த வீட்டில் ரசம் வைக்கும்போதெல்லாம் பயந்துகொண்டு இருப்பதைவிட முதல் நாளே தெரிந்துகொண்டு நகர்வது மேல்.

பள்ளியில் இடம் உறுதியாகாமல் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. முதல் மாதத்துக்கு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுங்கள். சாதாரண வீட்டைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுப்பது இங்கே சட்டப்படி தவறு, தனியார் வீட்டுக்குக் குறைந்தது 3 மாதம், வீவகவுக்கு 6 மாதம். ஒப்பந்தத்தில் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' இருக்க வேண்டும், அதாவது வேலை போனாலோ மாற்றல் வந்தாலோ ஒரு வருஷத்துக்குப் பின் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம். அது இல்லாத ஒப்பந்தத்தை எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாத வாடகை முன்பணம், மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதுவும் உங்கள் செலவுதான்.

மாமியார் விஷயம்: பெற்றோரை நீண்ட நாள் அனுமதியில் கூடவே வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 12,000 வெள்ளி இருக்க வேண்டும். பிள்ளைகளையும் உங்களையும் கூட்டி வர 6,000 போதும். அதற்கிடையில் என்றால் அவர் விசிட் பாஸில்தான் வந்து போக முடியும், அதை நம்பி 'அம்மா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்' என்று நீங்கள் வேலைக்குப் போகத் திட்டம் போடாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டதை இங்கே பதிவு செய்து சரிபார்த்த பிறகுதான் அனுமதி அட்டைக்கே விண்ணப்பிக்க முடியும். மருத்துவமனையில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தில் தேதியும் முத்திரையும் தெளிவாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், எங்கள் மகனுடையதில் தட்டம்மை இரண்டாவது ஊசியின் தேதி அழிந்துபோயிருந்தது, அதை வாங்க அப்பா ஊரில் மூன்று நாள் அலைந்தார். மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருஷ மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கைப்பையில் வரட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

வீடு பிடித்துப் போய்விட்டதா? பள்ளி பஸ் நடத்துபவருக்கு அந்தக் கட்டடத்தின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை அனுப்பி, எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள், எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் கையெழுத்துக்கு முந்தைய நாள், பள்ளி நாளாகப் பார்த்து, காலை ஆறரைக்கு அந்த புளோக்கின் கீழே போய் நில்லுங்கள். எந்தப் பள்ளி பஸ்கள் வருகின்றன, உங்கள் மகளின் சீருடையில் யாராவது நிற்கிறார்களா, பக்கத்தில் நிற்கும் அம்மா தமிழிலோ வேறு எதிலோ பேசினால் 'இந்த பஸ் நேரத்துக்கு வருமா?' என்று கேளுங்கள். என் இரண்டாவது வீட்டை அப்படித்தான் எடுத்தேன், பதில் சொன்ன பெண்தான் இன்றைக்கும் நான் ஊருக்குப் போனால் என் வீட்டுச் சாவியை வைத்திருப்பவர்.